காற்று அடைத்த மரம்

மணக்குடி
ஞாயிறு சாயங்காலம்

அன்பு மக்களே,

உன் புது காற்றடைக்கும் போட்டைக் காட்டி நீ அனுப்பிய வீடியோவை நாலு தடவை பார்த்துவிட்டேன். கார் டிக்கியிலிருந்து பையை இறக்கி விரித்தாய். பம்பைக் காலால் மிதிக்க மிதிக்க இரண்டு குழாயும் விறைத்து எழும்பின. நடுவில் பைப் சட்டம், அதன்மேல் நாற்காலி, இரண்டு பக்கமும் துடுப்பு. முப்பது கிலோகூட வராது என்று தோளில் தூக்கிக் காட்டினாய். அம்மா பார்த்துவிட்டு, "காற்று அடிச்ச மெத்தையிலயா பிள்ளை மீன் பிடிக்கப் போறான்?" என்று கேட்டாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் பழைய கட்டுமரம்தான் ஞாபகம் வந்தது.

நீ பிறந்து மூன்று வருஷம்வரை நான் கட்டுமரத்தில்தான் போனேன். அப்புறம்தான் ஃபைபர் வள்ளம். உனக்கு அது நினைவிருக்காது. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்ப்போம். தடிகளைத் தனித்தனியாகத் தோளில் சுமந்து மணலில் காயப்போடுவோம். காயாத மரம் தண்ணீர் குடித்துக் கனத்துவிடும், மறுநாள் அமுங்கிக்கொண்டே போகும். உன் போட்டும் அதே சாதிதான். அவிழ்த்தால் சுமை, கட்டினால் படகு. அதையும் ஈரத்தோடு மடித்துப் பைக்குள் திணிக்காதே, பூஞ்சை பிடித்துவிடும். என் அப்பா காலத்தில் ஆறு கடக்க இரண்டு வள்ளத்தைச் சேர்த்துக் கட்டிப் பலகை போட்டுச் சங்காடம் விடுவார்கள். உன்னுடையதும் ஒரு சங்காடம்தான், வள்ளத்துக்குப் பதில் காற்று.

அதனால்தான் இந்தக் கடிதம். உன் போட் கவிழாது, முங்காது என்று போனில் சொன்னாய். சரி, நம்புகிறேன். மரமும் முங்காது. அந்தத் தைரியத்தில்தான் நான் ஒருநாள் எழுந்து நின்று தூண்டில் கயிற்றை இழுத்தேன். காலுக்கடியில் பாசி. வழுக்கித் தண்ணீருக்குள் போனேன். மேலே வந்து கண்ணைத் துடைத்துப் பார்த்தால் மரம் பத்து பாகம், அதாவது அறுபது அடி, தள்ளி நிற்கிறது. கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்தது. நான் ஒரு கை போட்டால் அது இரண்டு கை தூரம் போகிறது. ஆள் இறங்கியதும் மரத்துக்குக் கனம் குறைந்துவிட்டது, காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. உன் மாமா அன்றைக்கு மரத்தில் இருந்தார். துடுப்புப் போட்டுத் திருப்பிக்கொண்டு வந்தார். நீச்சலில் நான் யாருக்கும் குறைந்தவன் இல்லை மக்களே. மாமா இல்லையென்றால் அந்த மரத்தை நான் தொட்டிருக்க மாட்டேன். இதை இதுவரை உன் அம்மாவிடம் சொன்னதில்லை.

உன் போட் அதைவிடப் பத்து மடங்கு லேசு. தண்ணீருக்குமேல் பந்து மாதிரி நிற்கிறது. நீ விழுந்தால் அது முங்காது, உண்மைதான். ஆனால் அது ஒரு பக்கம், நீ ஒரு பக்கம். ஒக்கிப் புயல் அடித்த 2017 நவம்பரில் கவிழ்ந்த வள்ளத்தை விடாமல் பிடித்துக் கிடந்த சிலர் உயிரோடு வந்தார்கள். பிடி விட்டவர்கள் பலர் வரவில்லை.

கனடாவில் உன் கம்லூப்ஸ் பக்கத்து ஏரியில் ஐஸ் உருகி மூன்று வாரம்தான் ஆகிறது என்றாய். அந்தத் தண்ணீர் நம் கடல் மாதிரி இல்லை. கப்பலில் வேலை பார்க்கும் உன் சித்தப்பா மகனிடம் கேட்டேன். அந்தக் குளிரில் விழுந்தால் முதல் ஒரு நிமிஷம் மூச்சு நம் பேச்சைக் கேட்காதாம், வாய் தானாகத் திறந்து இழுக்குமாம். அப்புறம் கை விரல் வேலை செய்வது பத்து நிமிஷம். அதனால் லைஃப் ஜாக்கெட்டை நாற்காலிக்குப் பின்னால் மாட்டி வைக்காதே. வீடியோவில் அங்கேதான் தொங்கியது, பார்த்தேன். கரையிலேயே போட்டு பக்கிள் மாட்டிவிட்டு ஏறு. கழுத்தில் ஒரு விசில்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாங்கள் விடியுமுன் கரைக்காற்றில் போய், மதியம் கடல்காற்றில் திரும்புவோம். வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது காற்றின் வேலை. நீயும் முதலில் காற்றை எதிர்த்து வலித்துப் போ. களைத்த பிறகு அது உன்னைக் கார் நிற்கும் பக்கம் தள்ளும். காற்றோடு சுகமாகப் போய்விட்டு எதிர்த்துத் திரும்புவது பெரிய பாடு, அதிலும் தனி ஆளுக்கு. டிரவுட் மீனுக்குப் படகு ஆடக்கூடாது என்று முன்னும் பின்னும் நங்கூரம் போடுகிறாய். போடு. ஆனால் காற்று திரும்பி அலை விலாவில் அடித்தால் முதலில் ஒன்றை விட வேண்டும். ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகப் போடு. உனக்குச் சொல்லித் தந்ததுதான். அந்தப் போட்டில் ஆற்றில் இறங்கினால் நங்கூரத்தைத் தொடவே வேண்டாம், நீவாடு, அதுதான் நீரோட்டம், போட்டைப் பின்பக்கம் அமுக்கிவிடும்.

குழாய் வெயிலில் விறைக்கும், குளிர்ந்த தண்ணீரில் தளரும். தளர்ந்ததும் ஓட்டை என்று பதறாதே. சந்தேகம் இருந்தால் முதல் நாள் ராத்திரியே வீட்டில் காற்றடித்து வை. காலையில் சோப்புத் தண்ணீரை வால்விலும் ஒட்டுக்களிலும் தடவிப் பார், சைக்கிள் டியூப்புக்குச் செய்வோமே, அது மாதிரி. மீன் பிடிக்க லைசென்ஸ் எடுத்திருக்கிறாய், நல்லது.

நீ மீன் பிடிக்கப் போவதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே போய்விடுவாய் என்று நினைத்தேன். ஒரே ஒரு காரியம் செய். அடுத்த வெயில் நாளில், கூட ஒரு ஆளை நிறுத்தி, கரையோரம் இடுப்பளவுத் தண்ணீரில் நீயாகவே விழு. ஜாக்கெட்டோடு, பூட்ஸோடு. விழும்போதே சட்டத்தில் கட்டிய வாரைப் பிடிக்க முடிகிறதா, திரும்ப ஏற முடிகிறதா என்று பார். முடியவில்லையென்றால் வாரின் நீளத்தை மாற்று, மறுபடி விழு. முடிகிறவரை நடுத்தண்ணீருக்குப் போகாதே. ஏறியதை வீடியோ எடுத்து எனக்கு மட்டும் அனுப்பு, அம்மாவுக்கு வேண்டாம்.

உன் அப்பா