டெக்சாஸ் பனிப்புயல்: எதிர்பாராததா?

ஆசிரியருக்கு வணக்கம்.

2021 பிப்ரவரியில் டெக்சாஸைப் புரட்டிப்போட்ட பனிப்புயல் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ‘யாரும் எதிர்பாராத இயற்கைச் சீற்றம்’ என்று முடித்திருக்கிறார் கட்டுரையாளர். அந்த வாரம் முழுக்க ஆஸ்டினில் இருந்தவன் நான். இதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

1989 டிசம்பரிலேயே குளிரில் மின் நிலையங்கள் முடங்கி மின்வெட்டு வந்திருக்கிறது. 2011 பிப்ரவரியில் மறுபடியும். அப்போது மத்திய அரசின் எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் விசாரித்து, மின் நிலையங்களைக் குளிர் தாங்கும்படி மாற்றச் சொல்லி விரிவான அறிக்கையும் கொடுத்தது. வெறும் பரிந்துரைதானே, செலவு வேறு பிடிக்கும், பலர் கண்டுகொள்ளவில்லை. அதே மாநிலத்தின் மேற்குக் கோடியில் உள்ள எல் பாசோ, 2011-இல் பட்ட அடிக்குப் பிறகு பணம் போட்டுத் தயாரானது. மேற்கு மாநிலங்களின் மின் தொகுப்பிலும் (மின் நிலையங்களையும் கம்பிகளையும் இணைக்கும் வலையமைப்பு) அது இருப்பதால், 2021-இல் அங்கே பெரிய மின்வெட்டு இல்லை. மாநிலத்தின் பெரும்பகுதிக்கோ தனித் தொகுப்பு. அவசரத்துக்கு அக்கம்பக்கத்தில் வாங்கவும் பெரிதாக வழியில்லை.

காற்றாலைகள்தான் காரணம் என்று டிவியில் சிலர் பேசினார்கள். அவையும் உறைந்தன, உண்மை. ஆனால் அதிகம் விழுந்தது இயற்கை எரிவாயு நிலையங்கள். இதில் ஒரு கூத்து: எரிவாயுவைக் குழாயில் தள்ளும் இயந்திரங்கள் பலவும் மின்சாரத்தில் ஓடுபவை. மின்வெட்டில் அவற்றுக்கும் கரண்டை நிறுத்திவிட்டார்கள்; வாயு வராமல் மேலும் சில மின் நிலையங்கள் நின்றன. பிப்ரவரி 15 அதிகாலையில் மொத்தத் தொகுப்பும் விழுவதற்கு 4 நிமிடம் 37 விநாடிதான் மிச்சம் இருந்தது.

கட்டுரை தொடாத இன்னொரு விஷயம் வீடுகள். ஆஸ்டினில் விழுந்த பனி அரை அடிதான். வட மாநிலத்தவர்களுக்கு இது சிரிப்பாகத் தோன்றும். ஆனால் எங்கள் வீடுகள் வெயிலுக்காகக் கட்டப்பட்டவை. தண்ணீர்க் குழாய்கள் பலவும் கூரைக்கடியில், சூடு படாத பரணில் ஓடுகின்றன. உறைந்து வெடித்த குழாய் உடனே காட்டிக்கொடுக்காது, உள்ளே உறைந்த தண்ணீர் உருகும்போதுதான் கொட்டும். பக்கத்து வீட்டில் கரண்ட் வந்த சந்தோஷத்தில் காபி போட்டுக்கொண்டிருந்தபோது, ஈரத்தில் ஊறிய கூரைப் பலகை அப்படியே சமையல் மேடைமேல் விழுந்தது. தண்ணீரை எங்கே நிறுத்துவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அதற்கான வால்வு இருந்த, நடைபாதை ஓரத் தண்ணீர் மீட்டர்ப் பெட்டியின் மூடி பனிக்கு அடியில் கிடந்தது. நாங்கள் நாலைந்து பேர் மண்வெட்டியும் கரண்டியுமாகத் தோண்டிக் கண்டுபிடிப்பதற்குள் கூடத்திலும் தண்ணீர்.

அரசுக் கணக்குப்படி இறந்தவர்கள் 246 பேர். பெரும்பாலோரைக் கொன்றது குளிர். கதகதப்புக்காக வீட்டுக்குள் கரி அடுப்பு மூட்டியும், மூடிய கராஜில் காரை ஓடவிட்டும் நச்சு வாயுவில் போனவர்களும் உண்டு.

அந்த ஆண்டே சட்டம் வந்து, மின் நிலையங்களைக் குளிருக்குத் தயார்ப்படுத்துவது கட்டாயமானது. 2022 டிசம்பர் குளிரில் தொகுப்பு தாக்குப்பிடித்தது. சரி, அதைப் பாராட்டலாம். பரணில் ஓடும் குழாய்கள் மட்டும் இன்னும் அங்கேயேதான் இருக்கின்றன.

உங்கள் வாசகர்கள் பலரின் பிள்ளைகள் இங்கே படிக்கிறார்கள், வேலை பார்க்கிறார்கள். தண்ணீரை நிறுத்தும் வால்வு எங்கே இருக்கிறது, அதைத் திருப்பச் சாவி வேண்டுமா என்று குளிர்காலத்துக்கு முன்பே வீட்டுக்காரரிடம் கேட்டுவைக்கச் சொல்லுங்கள். கரி அடுப்பை எக்காரணம் கொண்டும் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம் என்றும்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
ஆஸ்டின், டெக்சாஸ்