ஒரு படம், மூன்று கேள்விகள்: நம் தொடக்கப் பள்ளிகளுக்காக ஒரு வேண்டுகோள்

கன்னியாகுமரி மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களுக்கும், வட்டார வள மையங்களின் ஆசிரியர் பயிற்றுநர்களுக்கும்,

வணக்கம்.

நம் பள்ளிகளில் படங்களுக்குப் பஞ்சமில்லை. 2022-இல், எழுதப் படிக்கவும் கணக்குப் போடவும் அடித்தளம் போடும் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு கீழ் வகுப்புகளில் பக்கத்துக்குப் பக்கம் படம்தான். சுவரிலும் வரைந்திருக்கிறோம், சார்ட்டும் ஒட்டியிருக்கிறோம். ஆனால் அந்தப் படங்களைப் பார்த்துப் பிள்ளைகள் பேசுவது குறைவு. ஆசிரியர் சுட்டிக்காட்டுவார், பிள்ளைகள் பெயர் சொல்வார்கள், அடுத்த படத்துக்குப் போய்விடுவோம். வாரத்துக்கு ஒரு பாடவேளையாவது ஒரே ஒரு படத்தோடு உட்கார வேண்டும். அதுவும் நம் மாவட்டத்துப் படமாக இருக்க வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான்.

குலசேகரம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். ரப்பர் மரத்தின் புகைப்படம் ஒன்றைப் பெரிதாக அச்செடுத்து நடுவில் வைத்தோம். மரத்தில் சாய்வான வெட்டு, கீழே பால் வடியும் சிரட்டை, வெட்டுக்கு மேலே பாவாடை மாதிரி கட்டிய பிளாஸ்டிக். 'இதில் என்ன நடக்குது?' என்று மட்டும் கேட்டோம். பிளாஸ்டிக் எறும்பு ஏறாமல் இருக்க என்றான் ஒருவன். இல்லை, மழைத் தண்ணீர் பாலில் விழாமல் இருக்க என்றாள் ஒரு பெண். எதைப் பார்த்துச் சொல்கிறாய் என்றதும் எழுந்து வந்து படத்தில் விரல் வைத்தாள்: "எறும்புக்குன்னா கீழதானே கெட்டணும்? இது வெட்டுக்கு மேல இருக்கு." அந்த வகுப்பில் யாரும் அவளுக்குக் காரணகாரியம் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அதன் பிறகுதான் ஆசிரியர் பேசினார். மரத்தின் பால்குழாய்கள் சற்றே சாய்வாக ஓடுகின்றன. வெட்டை இடப்புறம் மேலிருந்து வலப்புறம் கீழாக இறக்கினால் அதிகக் குழாய்கள் அறுபடும், பாலும் கூடும் என்று விளக்கினார். வகுப்பே காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது. கேள்வி அவர்களுடையதாகிவிட்டதே!

இந்தக் கேள்விமுறை என் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் அருங்காட்சியகக் கல்வியில் இருந்த பிலிப் யெனவைனும் உளவியலாளர் அபிகேல் ஹவுசனும் சேர்ந்து உருவாக்கியது. இதில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன தெரிகிறது? மொத்தமே இந்த மூன்று கேள்விகள்தான். இரண்டாவதுதான் உயிர். அதை விட்டுவிட்டால் மிஞ்சுவது பெயர் சொல்லும் விளையாட்டு மட்டும்தான்.

அப்புறம், படங்களை இடம் மாற்றிப் பார்க்க வேண்டும். நம் மாவட்டத்தில் மலையோரப் பிள்ளைக்குக் கடல் வேலை தெரியாது, குளச்சல் கடற்கரைப் பிள்ளைக்கு ரப்பர் வெட்டு தெரியாது. கரைமடி, அதாவது கடலில் விரித்த வலையைக் கரையில் நின்று கயிற்றால் இழுக்கும் படத்தை மலையோரப் பள்ளிக்குக் கொண்டுபோனால், கயிறு இழுக்கும் போட்டி என்றுதான் முதலில் சொல்வார்கள். போட்டி என்றால் எதிரெதிரே நிற்க வேண்டாமா, இரண்டு வரிசையும் ஏன் கடலையே பார்த்து நிற்கிறது என்று அவர்களுக்குள்ளேயே தகராறு வரும். வரட்டும். தெரிந்த படத்தில் பேச்சு வரும், தெரியாத படத்தில் கேள்வி வரும். இரண்டுமே நமக்கு வேண்டும்.

ஆற்றுக்கு மேலே கால்வாய்த் தண்ணீரைக் கொண்டுபோகும் மாத்தூர் தொட்டிப் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1966-இல் கட்டி முடித்தது, உயரம் 115 அடி. சுற்றுலா போய்வந்த பிள்ளைகள் நிறைய. ஆனால் கீழே பறளியாறு ஓடும்போது அதற்கு மேலே இன்னொரு தண்ணீர் ஏன் போகிறது என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால், அணை, கால்வாய், மட்டம், பாசனம் எல்லாம் அந்த ஒரு கேள்வியிலிருந்தே நடத்திவிடலாம்.

ஈராசிரியர் பள்ளிகளுக்கு இது பெரிய உதவி. ஐந்து வகுப்பும் ஒரே அறையில் இருந்தாலும் படம் ஒன்று போதும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை கண்டதன் பெயரைச் சொல்லட்டும், மூன்றாம் வகுப்பு இரண்டு வரி எழுதட்டும், ஐந்தாம் வகுப்பு கேள்வி எழுதட்டும். பார்வைக் குறைபாடுள்ள பிள்ளை இருந்தால், பக்கத்தில் இருப்பவர் படத்தைச் சொல்லிக் காட்ட வேண்டும். சொல்பவருக்கும் அது நல்ல மொழிப்பயிற்சி.

அழகுக்காக ஒட்டுகிற பூவும் பொம்மையும் பாடத்துக்கு உதவாது; கவனத்தை வேறு பக்கம் இழுக்கும் என்று ரிச்சர்ட் மேயர் போன்றோரின் ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. பாடப் படத்தைச் சுற்றி ஜிகினா வேண்டாம்.

உங்களிடம் கேட்பது இரண்டு. பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் ஒவ்வொரு குறுவள மையத்திலும் அந்தந்தப் பகுதிப் படங்கள் இருபது முப்பது, ஏ3 அளவில், கெட்டித் தாளில் அச்செடுத்து வையுங்கள்: தோவாளைப் பூச்சந்தை, தேரூர் குளத்துப் பறவைகள், மணக்குடிக் காயல், சிதறால் பாறைச் சிற்பங்கள். பள்ளிகள் நூலகப் புத்தகம் மாதிரி எடுத்துப்போய்த் திருப்பித் தரட்டும். இரண்டாவது, குறுவள மையக் கூட்டத்தில் உரைகளைக் கொஞ்சம் குறைத்து, ஒரு படத்தை வைத்து ஆசிரியர்களையே அந்த மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வையுங்கள். பதில் வரும்வரை பொறுத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அங்கே உட்கார்ந்தால்தான் தெரியும்.

தக்கலை, குலசேகரம் பகுதிகளில் எடுத்த படங்கள் சில என்னிடம் இருக்கின்றன. வேண்டுமென்றால் தருகிறேன், கூட்டத்துக்கும் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இடைநிலை ஆசிரியை,
தக்கலை.