மூச்சுக்கோடு 'கூடவே' வந்துவிடாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஈசிஜிக்கு ஒட்டும் எலெக்ட்ரோடுகளை வைத்தே மூச்சையும் அளப்பது பற்றி உங்கள் அறிவியல் பக்கத்தில் ஒரு கட்டுரை வந்திருந்தது. நல்ல கட்டுரைதான். ஆனால் ஈசிஜி வந்துவிட்டால் மூச்சும் கூடவே வந்துவிடும் என்பதுபோல் ஓரிடத்தில் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. கல்லூரி ஆய்வகத்தில் கருவிகளைப் பார்த்துக்கொள்பவன் நான். அந்தக் 'கூடவே'க்கு எனக்கும் இரண்டு மாணவிகளுக்கும் பதினோரு நாள் பிடித்தது.

எவாலுவேஷன் போர்டை, அதாவது இந்த அளவை எடுக்கும் சிப்பைச் சோதித்துப் பார்க்கும் பலகையை, லேப்டாப்பில் செருகினோம். சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் மட்டும்தான். உடம்பில் ஒயர் ஒட்டும்போது இதில் விட்டுக்கொடுக்க முடியாது. ஒரு மாணவி எலெக்ட்ரோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஈசிஜி அச்சடித்தாற்போல் வந்தது. மூச்சுக்கோட்டில் சின்னச் சின்ன அலைகள். வந்துவிட்டது என்று கை தட்டியே விட்டார்கள். எண்ணிப் பார்த்தால் நிமிடத்துக்கு 76. சும்மா உட்கார்ந்திருப்பவர் அப்படியா மூச்சு விடுவார்? அது இதயத்தின் அசைவு.

அப்புறம் வழக்கமான படலம். ஜெல் காய்ந்திருக்கும் என்று புது எலெக்ட்ரோடு. போர்டு பழுது என்று இன்னொரு போர்டு. அதிலும் அதே அலை. 32 கிலோஹெர்ட்ஸில் மிகச் சிறிய மின்னோட்டத்தை மார்பு வழியே அனுப்பி, அதில் மூச்சு உண்டாக்கும் மாற்றத்தைப் பிரித்தெடுப்பதுதான் இந்த முறை. பிரிக்கும் ஃபேஸ் (எந்த நேரத் தள்ளலில் பிரிப்பது என்பது) தப்போ என்று 11.25 டிகிரி படிகளாக மாற்றிப் பார்த்தோம். எண்கள் மாறின, மூச்சு வரவில்லை. எண்கள் மாறுகின்றன என்றால் போர்டு உயிரோடுதான் இருக்கிறது. அது எனக்கு அன்றே உறைத்திருக்க வேண்டும்.

பத்தாம் நாள் மாணவியை எழுந்துகொள்ளச் சொல்லிவிட்டு, மார்புக்குப் பதிலாக ஒயர் முனைகளுக்கு இடையே 1 கிலோஓம் ரெசிஸ்டரைப் போட்டேன். மூச்சால் மார்பின் இம்பீடன்ஸ் (மின்னோட்டத்துக்கு அது தரும் தடை) மாறுவது ஏறக்குறைய 1 ஓம், பல நேரம் அதற்கும் குறைவு. 1 கிலோஓமுக்குப் பக்கவாட்டில் 1 மெகாஓம் ரெசிஸ்டரைச் சேர்த்தால் அதே 1 ஓம்தான் குறையும். பிளாஸ்டிக் இடுக்கியால் பிடித்துத் தொட்டேன். கோடு விலுக்கென்று இறங்கியது, மறுபக்கம் தாண்டிப் போனது, நான் இடுக்கியை எடுக்காமலே இரண்டு மூன்று நொடியில் பழைய இடத்தில் வந்து படுத்துக்கொண்டது. தொட்டிருக்கும்வரை இறங்கியே அல்லவா நிற்க வேண்டும்? மெதுவான மாற்றத்தை ஏதோ தின்கிறது.

தின்றது எங்கள் புரோகிராம்தான். ஈசிஜிக்கு எழுதிய 0.5 ஹெர்ட்ஸ் ஹைபாஸ் ஃபில்டரை, அதாவது அதைவிட மெதுவான மாற்றங்களை அமுக்கிவிடும் வடிகட்டியை, அப்படியே இந்தச் சேனலுக்கும் ஒட்டியிருந்தோம். நிமிடத்துக்கு 15 மூச்சு என்றால் 0.25 ஹெர்ட்ஸ், எங்கள் நான்காம் படி ஃபில்டரில் அது 16-இல் ஒரு பங்காகிவிடும். ஈசிஜிக்காரர்கள் கோட்டின் அலைச்சல் என்று துடைத்தெறிவதில் ஒரு பகுதி, மூச்சுதான்! ஃபில்டரின் எல்லையை 0.05 ஹெர்ட்ஸுக்கு இறக்கினோம். மாணவி மறுபடி உட்கார்ந்தார். கோடு மெல்ல ஏறி மெல்ல இறங்கியது. இந்தத் தடவை யாரும் கை தட்டவில்லை, முதலில் எண்ணினார்கள். 14.

கட்டுரையில் இன்னொன்றும் விட்டுப்போயிருக்கிறது. இந்த முறை அளப்பது மார்பின் அசைவை, காற்றை அல்ல. அந்த மாணவி மூக்கைப் பிடித்து வாயை மூடிக்கொண்டு மூச்சிழுக்க முயன்றபோதும் கோடு ஏறி இறங்கத்தான் செய்தது. தூக்கத்தில் மூச்சுக்குழாய் அடைபடுகிறவர்களுக்கு இந்தக் கருவி உதவும் என்று கட்டுரை சொல்கிறது; அடைபட்டபோதும் மார்பு அசைந்தால் கோடு மூச்சு இருப்பதுபோலவே காட்டும் என்பதால், இதை ஒரு திருத்தமாகவாவது வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஆய்வகத் தொழில்நுட்பர் ஒருவர்