விசிலுக்குப் பின் மோதினால்

உறுப்பினர்களுக்கு: பந்து செத்த பிறகு, அதாவது ஆட்டத்தின் ஒரு நகர்வு முடிந்த பிறகு, உடல் பட்டாலே மஞ்சள் கொடி (தவறைக் காட்ட நடுவர் வீசுவது) என்று நேற்று பலர் எழுதியிருந்தீர்கள். அமெரிக்கக் கால்பந்தில் அப்படியில்லை.

முதலில், ஒரு நகர்வை முடிப்பது விசில் அல்ல. பந்துடன் ஓடுபவர் வீழ்த்தப்பட்டு முழங்கால் தரையில் பட்ட கணமே பந்து செத்துவிடுகிறது. விசில் அதைச் சற்றுத் தாமதமாக அறிவிக்கிறது, அவ்வளவுதான். நடுவர் கவனிப்பது, மோதியவரால் தன்னை நிறுத்திக்கொண்டிருக்க முடியுமா என்பதை. ஏற்கெனவே பாய்ந்துவிட்டவருக்குப் பெரும்பாலும் சலுகை உண்டு. ஓடி வந்து, கீழே கிடப்பவர்மேல் விழுந்தவரின் அணிக்கு 15 கெஜம் தண்டனை. அந்த நகர்வில் பந்துடன் ஓடியவரின் அணிக்குக் கிடைத்த தூரம் ரத்தாகாது. தண்டனை அதற்கு மேல்தான் சேரும்.

பதிலுக்குத் தள்ளியவர் மட்டும் மாட்டுவது ஏன் என்று கேட்டவருக்கு: முதல் தள்ளலின்போது நடுவரின் பார்வை பெரும்பாலும் வேறெங்கோ இருந்திருக்கும். எனக்கும் எரிச்சல்தான்.