நாலு நாள் போதாதும்மா

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. அப்பாவும் நானும் நலம். நேற்று போனில் பேசும்போது நீ ஆபீசுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தாய். நானும் சொல்ல வந்ததை முழுசாகச் சொல்லவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

லீவுக்கு நாலு நாள் வருகிறோம், அதில் ரெண்டு நாள் கோடைக்கானல் என்றாய். பிள்ளைகளுக்கு மலர்க் கண்காட்சி பார்க்க ஆசை இருக்கும், அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் மே மாதம் இ-பாஸ் எடுத்து மலையேறி, வண்டி வரிசையில் நின்று நின்றே பொழுது போய்விடும். அதுகள் காருக்குள் தூங்கிவிட்டுத் திரும்பும். அந்த ரெண்டு நாளையும் எனக்குக் கொடு. முடிந்தால் இன்னும் ஆறு நாள் சேர்த்துக் கொடு. சென்னையிலிருந்து போடி ரயில் வாரத்துக்கு மூணு நாள் இருக்கிறது. ராத்திரி ஏறினால் காலையில் தேனியில் இறங்கிவிடலாம், அப்பா வந்து கூட்டிக்கொள்வார்.

போன தடவை வந்தபோது சின்னவன் என்னிடம், "பாட்டி, உங்க வீட்டுக்கு எத்தனை லாரி தண்ணி வரும்?" என்று கேட்டான். நீ உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாய், உன் காதில் விழவில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவள் பெற்ற பிள்ளைக்குத் தண்ணீர் என்றால் லாரிதான் தெரிகிறது. உன்னைக் குறை சொல்லவில்லை, நீ இருக்கும் ஊர் அப்படி. ஆனால் அவனை ஒரு நாள் லோயர் கேம்புக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். மலை மேலிருந்து மின் நிலையத்துக்கு இறங்குகிற நாலு ராட்சதக் குழாய்களையும் அவன் அண்ணாந்து பார்க்கட்டும். மேற்கே கேரளத்துப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, தண்ணீரை நம் பக்கம் திருப்பிவிட்டார்கள் என்று தாத்தா சொல்லட்டும். பென்னிகுவிக் மணிமண்டபத்தில் அந்த மனுஷனின் சிலை முன்னால் ரெண்டு பிள்ளைகளும் நின்று கும்பிட வேண்டும். 1895-ல் அவர் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை. இன்றைக்கும் நம் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகைகளில் அவர் படத்தைப் போடுகிறார்கள் என்றால் சும்மாவா?

இப்போது ஆற்றில் தண்ணீர் குறைவுதான். குடிநீருக்காக விடுவது மட்டும் கற்களுக்கு நடுவே ஓடுகிறது. அணையில் தண்ணீர் இருக்கிற வருஷம் முதல் போகத்துக்கு ஜூன் 1 அன்று மதகைத் திறப்பார்கள். பள்ளத்தாக்கு முழுக்க 14,707 ஏக்கருக்கு அந்தத் தண்ணீர்தான். காய்ந்து கிடக்கிற வாய்க்காலில் முதல் தண்ணீர் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்க்க நீ சின்ன வயதில் வரப்பிலேயே உட்கார்ந்திருப்பாய். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்க நாள் இருந்தால் அதுவரை இருங்கள். இதை ஆசையாகத்தான் கேட்கிறேன், கட்டாயம் இல்லை.

சுருளிப்பட்டித் தோட்டத்தில் பன்னீர் திராட்சை வெட்டுக்கு வந்துவிடும். நீ வரும்வரை ஒரு வரிசையை விட்டுவைக்கச் சொல்லியிருக்கிறேன். பெரியவள் கையில் கத்தரியைக் கொடுக்கலாம், அவளுக்குப் பொறுமை இருக்கிறது. கொத்தின் காம்பைப் பிடித்துத்தான் வெட்ட வேண்டும், பழத்தில் விரல் படக் கூடாது. மேலே படிந்திருக்கிற வெள்ளை மாவு அழிந்தால் பழம் திட்டுத்திட்டாகத் தெரியும், வியாபாரி விலையைக் குறைப்பார். காலை எட்டு மணிக்குள் போய்விட வேண்டும். பந்தலுக்குக் கீழே அந்த நேரத்தில் இலை வழியாக வெயில் பச்சையாக இறங்கும், மண் குளிர்ச்சியாக இருக்கும், செருப்பைக் கழற்றச் சொல். 2023-ல் நம் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததை அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார். பேத்தியிடமும் சொல்வார், பொறுமையாகக் கேட்கச் சொல்.

கும்பக்கரை அருவிக்கு ஒரு நாள் போகலாம். கோடை மழை பெய்திருந்தால் மட்டும் வேண்டாம். மேலே மழை என்றால் கீழே சொல்லாமல் வெள்ளம் வந்துவிடும். வனத்துறை அடைத்திருந்தால் திரும்பிவிட வேண்டும், அழுதாலும் சரி.

வீரபாண்டிக் கௌமாரியம்மன் திருவிழா சித்திரைக் கடைசியில் எட்டு நாள். பகலில் வெயில் தாங்காது, ராத்திரிதான் போக வேண்டும். தீச்சட்டி எடுத்து வருகிறவர்களின் வேப்பிலை வாசமும், ராட்டினத்துச் சத்தமும், ஆற்றங்கரையில் பாய் விரித்துப் படுத்திருக்கிற குடும்பங்களும் உனக்கு மறந்திருக்காது. உனக்கு அஞ்சு வயதில் கண் சிவந்து பத்து நாள் திறக்க முடியாமல் கிடந்தபோது கௌமாரிக்கு வேண்டிக்கொண்டு, மறு வருஷம் நேர்த்திக்கடனாக ஆயிரங்கண் பானை எடுத்தேன். அந்தக் கதையைப் பெரியவளுக்கு நானே சொல்ல வேண்டும், நீ முந்திவிடாதே.

இனி முக்கியமானது. சித்திரைப் பௌர்ணமி. மலை மேலிருக்கிற கண்ணகி கோயில் வருஷத்துக்கு அந்த ஒரு நாள்தான் திறக்கும் என்பது உனக்குத் தெரியும். போன வருஷம் அடிவாரத்துப் பளியன்குடியிலிருந்து பக்கத்து வீட்டுப் பெண்களோடு கிளம்பினேன். முதல் ஏற்றத்திலேயே முழங்கால் மடங்கிவிட்டது. ஒரு பாறையில் உட்கார்ந்து அவர்களைப் போகச் சொன்னேன். மத்தியானம் இறங்கி வந்தவர்கள் கோயிலில் கொடுத்த வளையலையும் மஞ்சள் கயிற்றையும் என் கையில் வைத்தார்கள். வாங்கிக்கொண்டேன். உன்னிடம் சொல்லவில்லை, சொன்னால் டாக்டர், ஸ்கேன் என்று பதறுவாய். வலி இப்போது பரவாயில்லை, ஆனால் ஏற முடியாது.

அதனால் இப்படி யோசித்திருக்கிறேன். நீயும் பெரியவளும் பளியன்குடி வழியாக நடந்து வாருங்கள். உன்னை நான் முதலில் கூட்டிப்போனபோது உனக்கும் இதே வயதுதான். நானும் அப்பாவும் சின்னவனும் குமுளியிலிருந்து ஜீப்பில் வருகிறோம். வரிசை நீளமாக இருக்கும், விடியும் முன்னே போய் நின்றுவிடுவோம். பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுபோக விடமாட்டார்கள், நம் பழைய எவர்சில்வர் தூக்கை எடுத்து வைத்திருக்கிறேன். புளிச்சோறு நான் கட்டித் தருகிறேன். ஏறும்போது அவளை அவசரப்படுத்தாதே, நின்று நின்று வரட்டும். திரும்பிப் பார்த்தால் கீழே கூடலூர் தெரிகிற இடத்தில் கொஞ்சம் உட்காருங்கள்.

மேலே வந்ததும் எங்களைத் தேடி அலைய வேண்டாம். இடிந்த கல் மண்டபத்தின் நிழலில், பள்ளத்தாக்கைப் பார்த்த மாதிரி உட்கார்ந்திருப்பேன். பச்சைச் சேலை கட்டியிருப்பேன்.

டிக்கெட் போட்டதும் ஒரு வார்த்தை சொல்.

அன்புடன்,
அம்மா