அடையாற்றங்கரை மனை

அன்புள்ள கண்ணா,

நீ அனுப்பிய மனைப் படங்களைப் பார்த்தேன். முடிச்சூர் தாண்டி, வரிசையாகத் தென்னங்கன்று நட்டு, நடுவில் தார்ச்சாலை போட்டு நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

"செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்தாலும் இங்கே தண்ணீர் வராது சார்" என்று புரோக்கர் சொன்னாராமே. பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்லியிருக்கிறார். அடையாறு மலையில் பிறந்த ஆறு இல்லை. ஆதனூர் ஏரிப் பக்கம் தொடங்கி, ஒவ்வொரு ஏரியும் நிரம்பிக் கலங்கல் என்கிற வழிந்தோடியில் வழிவதை வாங்கிக்கொண்டு வருகிற ஆறு. மண்ணிவாக்கம், முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் கடந்த பிறகு, திருநீர்மலைப் பக்கத்தில்தான் செம்பரம்பாக்கத்து உபரி நீர் வந்து சேர்கிறது. உன் மனை அதற்கு முன்னாலேயே, ஆற்றின் மேல்பக்கத்தில் இருக்கிறது. அப்படியிருந்தும் 2015 வெள்ளத்தில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் படகு விட்டுத்தானே ஆட்களை மீட்டார்கள்? செம்பரம்பாக்கம் வேண்டியதே இல்லை, மேலே இருக்கிற ஏரிகளே போதும்.

இத்தனைக்கும் ஆற்றின் மொத்த நீளம் 42 கிலோமீட்டர்தான். கண்டக்டர் பையை மாட்டியிருந்த காலத்தில் இதன் பாலங்களை எத்தனை முறை கடந்திருப்பேன் என்று கணக்கே கிடையாது. கைலி நெய்த அனகாபுத்தூர், அப்புறம் விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுதளம் (ஆற்றின் மேலேயே பாலம் போட்டு நீட்டிவிட்டார்கள், அந்தத் துணிச்சலை என்னவென்று சொல்ல!), மணப்பாக்கம், நந்தம்பாக்கம், நம்ம ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று போய்ப் பட்டினப்பாக்கத்துக்குத் தெற்கே கடல்.

சைதாப்பேட்டையில் முதலில் பாலம் கட்டியது அரசாங்கம் இல்லை. கோஜா பெட்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வியாபாரி 1726-ல் தன் கைக்காசைப் போட்டுக் கட்டினார், பரங்கிமலைக்குப் போகிறவர்கள் ஆற்றைக் கடக்க வேண்டுமே என்று. இப்போதைய மறைமலை அடிகள் பாலம் அந்தப் பாலத்துக்குப் பதிலாக வந்தது. உஸ்கான் பாலம் கட்டி இருபது வருஷம் கழித்து, 1746 அக்டோபரில், முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் பிரெஞ்சுச் சிப்பாய்கள் இதே ஆற்றில் இறங்கி நடந்துபோய் ஆற்காட்டு நவாப்பின் பெரிய படையை விரட்டினார்கள். ஐப்பசியில் இறங்கி நடக்கிற அளவுக்குத்தான் அந்த வருஷம் தண்ணீர். அதே முகத்துவாரத்தில் 1967-ல் மீனவர்களுக்காகக் கட்டிய பாலத்தைப் பத்தே வருஷத்தில், 1977-ல், ஆறு உடைத்துக்கொண்டு போனது. நீ காலேஜ் பசங்களோடு போட்டோ எடுத்துக்கொண்டாயே, அந்த உடைந்த பாலம்தான்.

ஆள் எப்படிப்பட்டவன் என்று அவன் சும்மா இருக்கும்போது பார்த்தால் தெரியாது. சித்திரையில் முடிச்சூர்ப் பக்கம் போனால் சாக்கடை மாதிரி ஒரு கோடு ஓடும், எட்டித் தாண்டிவிடலாம். மனை காட்டுகிறவர்கள் அப்போதுதான் காட்டுவார்கள்.

அந்த 2015 டிசம்பர் 1-ஆம் தேதி ராத்திரி நீ ஹாஸ்டலில் இருந்தாய். உன்னிடம் நாங்கள் முழுதாகச் சொன்னதில்லை. செம்பரம்பாக்கத்தில் வினாடிக்கு 29,000 கன அடி திறந்திருந்தார்கள். தண்ணீர் தெருவழியாக வரும் என்று நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது பாத்ரூம் ஜல்லடை வழியாக வந்தது. கொப்புளம் கொப்புளமாக, கறுப்பாக. அம்மா உன் மார்க்‌ஷீட்டையும் வீட்டுப் பத்திரத்தையும் ஒரு புடவையில் மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். நகையை மறந்துவிட்டாள். நான் திரும்பி இறங்கியபோது காலி சிலிண்டர் ஹாலில் மிதந்துவந்து முழங்காலில் இடித்தது. டார்ச் வெளிச்சத்தில் அது என்னவென்று புரியவே கொஞ்ச நேரம் ஆனது. மறுநாள் நீ நாற்பது தடவை கூப்பிட்டதாகச் சொன்னாய். எங்கள் போன் அந்த ஹாலில்தான் இருந்தது.

காலண்டர் ஆணிக்கு ஒரு சாண் மேலே சேற்றுக்கோடு நின்றது. இரண்டு தடவை வெள்ளையடித்தும் மழைநாளில் லேசாகத் தெரிகிறது.

மனை வாங்காதே என்று நான் சொல்லவில்லை. உன் சம்பாத்தியம், உன் ஆசை. அட்வான்ஸ் மட்டும் இப்போது கொடுக்காதே. வி.ஏ.ஓ. ஆபீசில் புல வரைபடத்தையும், நில விவரம் எழுதிய அ-பதிவேட்டையும் கேட்டுப் பார். சர்வே எண்ணுக்குள்ளோ பக்கத்திலோ ஓடை, வாய்க்கால் என்று ஏதாவது இருந்தால் அங்கேயே விட்டுவிடு. பட்டா இருக்கிறதே என்று காட்டுவார்கள். தண்ணீர் பட்டாவைப் படித்துவிட்டா வருகிறது?

அப்புறம், ஐப்பசி கடைசியில் நாலு நாள் லீவு போட்டு வா. நல்ல மழை பிடித்த மறுநாள் இரண்டு பேரும் பஸ்ஸில் போய் அந்த இடத்தைப் பார்ப்போம். பழைய வீடுகளின் காம்பவுண்டுச் சுவரில் கோடு எந்த உயரத்தில் இருக்கிறது என்று நான் காட்டுகிறேன். டீக்கடையில் விசாரித்தால் மிச்சத்தை அவர்களே சொல்வார்கள்.

வரும்போது ரெயின்கோட் எடுத்து வா, போன முறை மாதிரி என்னுடையதைப் பிடுங்காதே. அம்மா உனக்கு மிளகாய்ப்பொடி அரைத்து வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா