குதித்துத் திரும்பிய பிறகு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்து மூன்று வாரமாகிறது. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்ததால் உடனே பதில் எழுத முடியவில்லை. இப்போது காலண்டர் தேதியைக் கட்டிலிலிருந்தே படிக்கிறார். வீட்டில் எல்லோருக்கும் அதில்தான் சந்தோஷம்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். உன் மாணவர்களுக்கு சி மொழியில் ஒரு ஃபங்ஷனிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ உதவும் செட்ஜம்ப், லாங்ஜம்ப் சொல்லிக் கொடுக்கலாமா, ஆபத்து என்று விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தாய். கட்டாயம் சொல்லிக் கொடு. ஆனால் குதிப்பதைக் காட்டியதோடு நிறுத்திவிடாதே.

வேறு வரிக்குத் தாவச் சொல்லும் கோட்டூ ஒரு ஃபங்ஷனுக்குள்தான் செல்லும். செட்ஜம்ப் ஒரு இடத்தைக் குறித்து வைக்கும். பத்து ஃபங்ஷன் ஆழத்தில் ஒரு பிழை வந்தால் லாங்ஜம்ப் ஒரே தாவலில் அந்த இடத்துக்கே மேலே கொண்டுவந்து விட்டுவிடும். செட்ஜம்ப் முதல் தடவை பூஜ்யம் தரும். குதித்து வரும்போது நாம் அனுப்பிய எண்ணைத் தரும். பூஜ்யத்தை அனுப்பினால் ஒன்றாக மாற்றித் தரும். இதெல்லாம் உனக்குத் தெரிந்ததே. மாணவர்கள் தடுமாறப்போவது வேறு இடத்தில்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பிஎன்ஜி படங்களைப் படிக்கும் ஒரு புரோகிராம் எழுதினேன். அந்தப் படங்களைப் படிக்க உதவும் லிப்பிஎன்ஜி நூலகத்தில் பிழை வந்தால் லாங்ஜம்ப் வழியாகத்தான் நம்மிடம் திரும்பும். மெமரி முகவரியை வைக்கும் பாயிண்டரில் முதலில் நல் (வெற்று மதிப்பு) வைத்து, செட்ஜம்ப் போட்டு, அதன் பிறகு மால்லாக் செய்து (மெமரி கேட்டு வாங்கி), பிழை வந்தால் ஓடும் பக்கத்தில் ஃப்ரீ செய்தேன் (திருப்பிக் கொடுத்தேன்). என் மேஜையில் ஒழுங்காக ஓடியது. வேகத்துக்காகக் கம்பைலரில் ஆப்டிமைசேஷன் போட்டுக் கொடுத்ததும் இரவெல்லாம் மெமரி ஏறிக்கொண்டே போனது. கம்பைலர் அந்தப் பாயிண்டரை மெமரியில் இல்லாமல் சிபியுவுக்குள் இருக்கும் ரிஜிஸ்டரில் வைத்திருந்தது. செட்ஜம்ப் நேரத்தில் அந்த ரிஜிஸ்டரில் இருந்தது நல். குதித்து வந்ததும் ரிஜிஸ்டருக்குப் பழைய மதிப்பே திரும்பியது. நல்லை ஃப்ரீ செய்தால் எந்தச் சத்தமும் வராது. சிதைந்த படம் ஒவ்வொன்றும் கொஞ்சம் மெமரியைத் தின்றுவிட்டுப் போனது.

செட்ஜம்புக்குப் பிறகு மதிப்பு மாறிய லோக்கல் வேரியபிள் வாலடைல் (ஒவ்வொரு தடவையும் மெமரியிலேயே படி, எழுது என்று கம்பைலருக்குச் சொல்லும் சொல்) இல்லையென்றால் அதன் மதிப்புக்கு உத்தரவாதம் இல்லை என்று சி மொழியின் தரநிலையே சொல்கிறது. நானும் வாலடைல் போட்டேன், சரியாகவில்லை. பாயிண்டர் அறிவிப்பில் வரும் நட்சத்திரக் குறிக்கு முன்னால் போட்டிருந்தேன். அப்படிப் போட்டால் பாயிண்டர் காட்டும் இடம்தான் வாலடைல் ஆகும், பாயிண்டர் ஆகாது. குறிக்குப் பின்னால், பெயரை ஒட்டி வரவேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இன்னும் இரண்டு நாள் ஆயிற்று. உன் மாணவர்களுக்குக் கரும்பலகையில் இந்த ஒரு வரியையாவது எழுதிக் காட்டு.

அப்புறம், செட்ஜம்ப் போட்ட ஃபங்ஷன் முடிந்த பிறகு அங்கே குதிக்கவே கூடாது. ஓடும்போது மட்டும் அதற்குக் கிடைக்கும் ஸ்டாக் இடம் போய்விட்டிருக்கும்.

இவ்வளவு சிக்கல் இருந்தும் நான் இதை விடச் சொல்லாததற்குக் காரணம் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ். அதில் ஒரு குவெரி நடுவில் பிழை வந்தால் இதே முறையில்தான் மேலே தாவுகிறது. ஆனால் அங்கே மெமரியைக் கான்டெக்ஸ்ட் என்ற மூட்டைகளாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். பிழை வந்தால் அந்த வேலைக்கான மூட்டையை மொத்தமாகக் கொட்டிவிடலாம். இடையில் இருந்த ஃபங்ஷன்கள் ஒவ்வொன்றும் ஃப்ரீ செய்யவேண்டியதில்லை. லுவா மொழியும் தாவுகிறது, அதன் குப்பையை, பயன்படாத மெமரியைத் தானே திரும்பப் பெறும் கார்பேஜ் கலெக்டர் பார்த்துக்கொள்கிறது. தாண்டிப்போகும் வழியில் கிடப்பதை யார் எடுப்பது என்று அவர்கள் முதலிலேயே முடிவு செய்துவிட்டார்கள். நான் செய்யவில்லை. ஒவ்வொரு மால்லாக்கையும் தனித்தனியே கையில் பிடித்துக்கொண்டு குதிக்கப் பார்த்தேன்.

என் புரோகிராமை இருபது வரியாகச் சுருக்கி இத்துடன் வைத்திருக்கிறேன். ஆப்டிமைசேஷன் இல்லாமல் ஒரு தடவை, போட்டு ஒரு தடவை வகுப்பிலேயே ஓட்டிக் காட்டு. இரண்டுக்கும் ஏன் வித்தியாசம் வருகிறது என்று அவர்களே சொல்லட்டும். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்